சிவப்பு எங்கிருந்து வருகிறது?

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் எல்.சி.டி. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஸ்கேலை அதன் முன்னால் பிடியுங்கள். புதிதாக எதுவும் தெரியாது. பிறகு போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, திரை இருண்டுபோகும் வரை அந்தக் கண்ணாடியைத் திருப்புங்கள். கறுத்த திரையின் முன்னே ஸ்கேல் மட்டும் ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக ஒளிரும். துளை போட்ட இடத்திலும் மூலைகளிலும் பட்டைகள் நெருங்கி நிற்கும். கையால் மெல்ல வளைத்தால் நிறங்கள் நகரும்.

நாம் பார்ப்பது அந்தப் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் தகைவை. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்திக் குளிரவைத்தபோது, ஒரு பகுதி முந்தியும் ஒரு பகுதி பிந்தியும் இறுகியதால் உள்ளே சிக்கிக்கொண்ட இழுப்பும் நெருக்கமும் அவை. தகைவுக்கு உள்ளாகும்போது ஒளிபுகும் பொருள் தன் வழியே போகும் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சற்றுத் தாமதிக்க வைக்கிறது. அந்தத் தாமதமே நிறமாகத் தெரிகிறது. கண்ணாடியை அழுத்தினால் இப்படி ஆகும் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டவர் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர். பதின்வயதில் இருந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், கண்ணாடித் துண்டுகளைச் சூடாக்கித் திடீரென்று குளிர்வித்து, அவற்றில் தோன்றிய வடிவங்களை நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்தார். மீன் பசையில் செய்த கூழை முறுக்கிப் பார்த்து, அதனுள் தெரிந்த நிறங்களைக் கணிதத்தோடு ஒப்பிட்ட அவருடைய கட்டுரை 1850-இல் வாசிக்கப்பட்டது.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல், ஒரு பொறியியல் உறுப்புக்குள் தகைவு எங்கே குவிகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் இதுதான் வழி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மார்க், பிரான்சின் கோதிக் தேவாலயங்களின் குறுக்குவெட்டை எபாக்சித் தகட்டில் செதுக்கி, சூளையில் வைத்து, கல்லின் எடைக்கும் காற்றின் விசைக்கும் ஈடாகக் கம்பிகளில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டார். சூடான நிலையில் வளைந்த தகடு, எடையோடு மெல்லக் குளிர்ந்ததும் தகைவை உறைய வைத்துக்கொண்டது. எடையை எடுத்த பிறகும் நிறங்கள் அப்படியே நின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் கே. ரமேஷ் போன்றவர்கள் இந்தப் பட்டைகளைக் கேமராவில் பிடித்துக் கணினியால் எண்ணும் முறையை வளர்த்தார்கள்.

இந்தப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அவற்றை யாரும் வரையவில்லை. ஒளியும் பொருளும் சேர்ந்து வரைந்தவை அவை. இந்த இடத்தில் சிவப்பு, அந்த இடத்தில் நீலம் என்று முடிவு செய்ய நடுவில் ஒரு மனிதர் இல்லை.

இரும்பும் கான்கிரீட்டும் ஒளியை விடாதவை. எனவே இன்று ஒரு பாலமோ விமான இறக்கையோ இடுப்பு மூட்டுக்குப் பொருத்தும் உலோகமோ, அதன் தகைவுப் படம் கணினியிலிருந்துதான் வருகிறது. பாதுகாப்பான இடங்கள் நீலம், ஆபத்தான இடங்கள் சிவப்பு, இடையே பச்சையும் மஞ்சளும். வடிவமைப்பு அலுவலகங்களின் சுவர்களிலும் கம்பெனி விளம்பரங்களிலும் இந்தப் படத்தைப் பார்க்காதவர் குறைவு. பார்ப்பதற்கு அது போலராய்டில் தெரியும் ஸ்கேலின் உடன்பிறப்பு போலவே இருக்கும். ஆனால் அதன் பிறப்பு முற்றிலும் வேறு. அந்தச் சிவப்பு திரைக்கு வந்து சேருமுன் ஐந்தாறு முடிவுகளைக் கடந்து வருகிறது. ஒவ்வொரு முடிவையும் ஒரு மனிதரோ, அவர் கவனிக்காதபோது மென்பொருளோ எடுக்கிறது.

முதல் முடிவு, பொருளைத் துண்டாக்குவது. 1956-இல் போயிங் நிறுவனத்தின் டர்னரும் டாப்பும், பெர்க்லியின் ரே கிளஃப், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஆகியோரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளும் டெல்டா இறக்கைகளும் வந்துவிட்ட காலம் அது. நீளமான உத்தரத்துக்கு எழுதிவைத்த பழைய சூத்திரங்கள் அந்த வடிவங்களுக்குப் பொருந்தவில்லை. இறக்கையின் தகட்டைச் சிறு முக்கோணங்களாகவும் செவ்வகங்களாகவும் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எளிய விதி ஒன்றை எழுதி, அவற்றை மூலைகளில் கோர்த்துவிட்டால் மொத்த இறக்கையின் நடத்தையும் கிடைக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். 1960-இல் கிளஃப் அதற்கு வைத்த பெயர்தான் இன்றும் நிலைத்திருக்கிறது. தமிழில் வரம்புறு கூறு முறை என்கிறோம். துண்டுகள் கூறுகள், அவை சந்திக்கும் இடங்கள் கணுக்கள், மொத்தமும் சேர்ந்தது வலை. பொறியாளர்கள் பேச்சில் மெஷ் என்பார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வண்ணப் படத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் அறியாதது இது. கணினி நேரடியாகக் கண்டுபிடிப்பது தகைவை அல்ல. ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான் அது கண்டுபிடிக்கிறது. நகர்வு தெரிந்தால், பக்கத்துக் கணுக்களின் நகர்வு எவ்வளவு வேறுபடுகிறது என்பதிலிருந்து திரிபு கிடைக்கும். திரிபிலிருந்து தகைவு கிடைக்கும். நகர்வு ஒரு கூறிலிருந்து அடுத்த கூறுக்குத் தொடர்ச்சியாக ஓடும்; இல்லாவிட்டால் பொருளில் விரிசல் விழுந்திருக்க வேண்டும். ஆனால் நகர்வின் சரிவு தொடர்ச்சியாக ஓட வேண்டியதில்லை. இரண்டு பலகைகளை மூலையில் ஒட்டினால் விளிம்பு சேரும், சரிவு சேராது. ஆகவே ஒரு கூறின் எல்லையில் கணக்கிட்ட தகைவும், அதே எல்லையில் பக்கத்துக் கூறு சொல்லும் தகைவும் வேறு வேறாக இருக்கும். நான்கு கூறுகள் கூடும் ஒரு கணுவுக்கு நான்கு தகைவுகள் கிடைக்கும். ஒரே பொருளாலான தகட்டில் இயற்கை அப்படி நடப்பதில்லை. ஒரு புள்ளிக்கு ஒரு தகைவுதான்.

கூறின் ஓரங்களில் கணக்கு மிகவும் பலவீனமாக இருக்கும். உட்புறத்தில் குறிப்பிட்ட சில புள்ளிகளில்தான் அது நன்றாக அமைகிறது. எந்தப் புள்ளிகள் என்பதை 1976-இல் ஜான் பார்லோ விளக்கினார். ஆனால் நமக்கு ஆபத்து பெரும்பாலும் இருப்பதோ விளிம்பில்: துளையின் ஓரத்தில், பற்றவைப்பின் அடியில், சுவர் சுவரோடு சேரும் இடத்தில். எனவே மென்பொருள் உட்புள்ளிகளின் மதிப்பை ஓரத்துக்கு நீட்டிக்கொண்டு வருகிறது. அங்கே கூறுக்கொன்றாகக் கிடைக்கும் மதிப்புகளைக் கூட்டிச் சராசரி எடுக்கிறது. அந்தச் சராசரிகளுக்கு இடையே வழவழப்பாக நிறம் பூசுகிறது. ஒரு மாவட்டத்தில் நான்கைந்து மழைமானிகளை வைத்துக்கொண்டு மாவட்டம் முழுவதற்கும் மழைப் படம் தீட்டுவது போன்ற வேலை இது. படத்தின் அழகு மானிகளின் எண்ணிக்கையை மறைத்துவிடும்.

சராசரி எடுப்பது எல்லா இடத்திலும் குற்றம் இல்லை. ஒரே பொருள், ஒரே தடிமன், நுணுக்கமான வலை என்றால் அது உண்மைக்கு நெருக்கமாகவே கொண்டுபோகும். ஆனால் எஃகும் கான்கிரீட்டும் ஒட்டும் இடத்திலோ தகட்டின் தடிமன் மாறும் இடத்திலோ தகைவு உண்மையிலேயே தாவும். அங்கே சராசரி எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாத ஒரு நடுமதிப்பு வந்து உட்காரும்.

அடுத்த முடிவு இன்னும் பெரியது. ஒரு புள்ளியின் தகைவு ஒரே எண் அல்ல, ஆறு எண்கள். மூன்று திசைகளில் இழுவிசை அல்லது அமுக்கம், மூன்று தளங்களில் வெட்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1820-களில் இதைத் தெளிவாக்கினார். ஆறு எண்களை ஒரு நிறத்தால் காட்ட முடியாது. ஆகவே அவற்றை ஒன்றாகச் சுருக்கியாக வேண்டும். உலோகங்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஃபான் மைசஸ் தகைவு. 1904-இல் போலந்தின் ஹூபரும் 1913-இல் ரிச்சர்ட் ஃபான் மைசஸும் தனித்தனியே வந்து சேர்ந்த கருத்து இது. பொருளின் வடிவத்தை மாற்ற முயலும் பகுதியை மட்டும் அது எண்ணுகிறது. எல்லாப் பக்கமும் சமமாக நெருக்கும் பகுதியை விட்டுவிடுகிறது. எஃகு போன்ற இளகும் உலோகம் எப்போது நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பதை அது நன்றாகச் சொல்லும்.

ஆனால் அது சொல்லாததையும் பார்க்க வேண்டும். உலகின் ஆழமான கடல் பள்ளமான மரியானா அகழியின் அடியில் ஒரு திண்மையான எஃகு உருண்டையைப் போட்டால், ஏறத்தாழ 1,100 வளிமண்டல அழுத்தம் அதை எல்லாப் புறமும் நெருக்கும். அதன் ஃபான் மைசஸ் படம் முழு நீலமாக இருக்கும். மதிப்பு பூஜ்யம். எஃகைப் பொறுத்தவரை அது சரிதான், உருண்டைக்கு ஒன்றும் ஆகாது. இதே அளவையைக் கான்கிரீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் இழுவிசையில் தாங்கும். ஃபான் மைசஸ் எண்ணுக்கோ இழுப்பும் அமுக்கமும் ஒன்றே, குறி கிடையாது. ஒரே சிவப்புக்குள் பாதுகாப்பான அமுக்கமும் விரிசல் விடப்போகும் இழுப்பும் கலந்து கிடக்கும். கான்கிரீட்டுக்கும் வார்ப்பிரும்புக்கும் முதன்மைத் தகைவுகளைக் குறியோடும் திசையோடும் அம்புகளாக வரைந்து பார்ப்பதே சரியான வழி. அம்புப் படம் கண்ணைப் பறிக்காது என்பதால் அறிக்கைகளில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையான வருத்தம்.

பிறகு நிறம். வானவில் வரிசையில் மஞ்சள் நம் கண்ணுக்கு மற்ற நிறங்களைவிடப் பளிச்சென்று தெரியும். அதனால் மஞ்சள் விழும் இடத்தில் இல்லாத ஒரு எல்லை இருப்பதுபோலத் தோன்றும். பச்சை நெடுந்தூரம் ஒரே பச்சையாகத் தெரிந்து, அதற்குள் நடக்கும் மாற்றத்தை விழுங்கிவிடும். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு ஆபத்தும் பாதுகாப்பும் ஏறக்குறைய ஒரே நிறம். 2007-இல் டேவிட் போர்லண்டும் ரஸ்ஸல் டெய்லரும் வானவில் வண்ணத்தின் தீங்கை எடுத்துச்சொல்லி ஒரு கட்டுரையே எழுதினார்கள். மேட்பிளாட்லிப் என்ற பரவலான வரைபட மென்பொருள் 2017-இல் தன் இயல்பு வண்ணத்தை மாற்றி, கரும் ஊதாவில் தொடங்கிச் சீராக வெளிச்சம் கூடி மஞ்சளில் முடியும் விரிடிஸ் வரிசைக்கு வந்தது. பொறியியல் மென்பொருள்களில் பெரும்பாலும் இன்னும் வானவில்தான் ஆட்சி செய்கிறது.

நிறத்தைவிட ஆபத்தானது வண்ணப் பட்டையின் மேல் எல்லை. மென்பொருள் தானாகவே மாதிரியில் கிடைத்த மிகப்பெரிய மதிப்பைச் சிவப்பாக்கி, மற்றவற்றை அதற்குக் கீழே அடுக்கும். எல்-வடிவத் தாங்கி ஒன்றின் உள்மூலையைக் கூர்மையாக வரைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெகிழ்ச்சிக் கோட்பாட்டின்படி அந்தக் கூர்மூலையில் தகைவுக்கு வரம்பே இல்லை. வலையை இரு மடங்கு நுணுக்கமாக்கினால் எண் ஏறும், மீண்டும் நுணுக்கமாக்கினால் மீண்டும் ஏறும். எங்கும் நிற்காது. உண்மைப் பொருளில் அந்த மூலைக்குச் சிறு வளைவு உண்டு. உலோகமும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஆனால் படத்தில் அந்த ஒற்றைப் புள்ளி சிவப்பையெல்லாம் தானே எடுத்துக்கொண்டு மற்ற இடங்களை நீலத்தில் மூழ்கடித்துவிடும். உண்மையில் உடையப்போகும் போல்ட் துளை அந்த நீலத்துக்குள் அமைதியாக இருக்கும்.

துளை வேறு வகை. அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் தகைவு மும்மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இலேயே கணக்கிட்டு வைத்தார். முரட்டு வலை அந்த மூன்றை எட்டாது. நுணுக்க நுணுக்க மூன்றை நெருங்கி அங்கே நிற்கும். ஒரு எண் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்பதை ஒரே படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வலைகளில் கணக்கிட்டு ஒப்பிட்டாக வேண்டும்.

இந்த இடத்தில் மிக அழகான ஒரு யோசனை நுழைகிறது. கூறுகளின் எல்லையில் தகைவு தாவுகிறது என்று பார்த்தோம். அந்தத் தாவலைச் சராசரியால் மூடாமல் அப்படியே காட்டச் சொன்னால், படம் ஒட்டுப்போட்ட துணிபோல வரும். எங்கே தாவல் பெரிதோ அங்கே வலை போதவில்லை என்று பொருள். ஸ்வான்ஸீ பல்கலைக்கழகத்தின் சியென்கீவிச்சும் அவரோடு பணிசெய்த சூவும் 1987-இல் இதை ஒரு முறையாகவே ஆக்கினார்கள். தாவலோடு கூடிய தகைவை ஒரு கையிலும், மென்மையாக்கிய தகைவை இன்னொரு கையிலும் வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கின் பிழைக்கு ஓர் அளவாக எடுத்துக்கொண்டார்கள். சரியான விடை யாருக்கும் தெரியாதபோதே, நம் விடை எங்கே எவ்வளவு தவறாக இருக்கலாம் என்று அந்த விடையிலிருந்தே அறிந்துகொள்ளலாம். அந்தப் பிழையைத் தனிப் படமாக வரையலாம், அது காட்டும் இடத்தில் மட்டும் வலையை நுணுக்கலாம். அறியாமைக்கும் ஒரு வரைபடம் கிடைத்தது என்றே இதை நான் நினைக்கிறேன்.

அந்த முறை வந்து நான்கு ஆண்டுகளில், 1991 ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் ஸ்டாவங்கர் நகரை அடுத்த காண்ட்ஸ்ஃபியோர்டில் ஒரு கான்கிரீட் அடித்தளம் நீரில் மூழ்கிப்போனது.

ஸ்லைப்னர் ஏ என்பது வடகடலில் 82 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய எரிவாயு மேடை. அதன் கீழ்ப்பகுதி 24 பெரிய உருளை அறைகளின் கூட்டம், 16,000 சதுர மீட்டர் பரப்பு. நான்கு அறைகள் மட்டும் கோபுரங்களாக மேலே நீண்டு, 57,000 டன் எடையுள்ள மேல்தளத்தைத் தாங்க வேண்டும். மேல்தளத்தை ஏற்றுவதற்கு முன், அடித்தளத்தை ஃபியோர்டின் அமைதியான நீரில் மெல்ல மெல்லத் தாழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பலத்த ஓசை கேட்டது. ஒரு கோபுரத்துக்குள் நீர் புகுந்தது. நீரை வெளியேற்றும் பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. மூழ்கும்போது மிதவை அறைகள் நீரழுத்தத்தில் நொறுங்க, 220 மீட்டர் ஆழத்தில் அடியைத் தொட்டதும் ரிக்டர் அளவில் 3 என்று நிலநடுக்கக் கருவிகளில் பதிவானது. மிஞ்சியது சிதைந்த கான்கிரீட் குவியல். மொத்த இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர்.

மூன்று உருளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நடுவே முக்கோணமாக ஒரு சந்து விழும். அந்தச் சந்து மேலே திறந்திருந்ததால் கடல்நீர் அதற்குள் நின்றது. அறைகளின் உள்ளே காற்று. எனவே சந்தின் சுவர்களை நீர் முழு அழுத்தத்தோடு தள்ளியது. அந்தச் சுவர்தான் உடைந்தது. வடிவமைப்பின்போது நாஸ்ட்ரான் என்ற புகழ்பெற்ற மென்பொருளில் கணக்கிட்டிருந்தார்கள். மென்பொருளில் குறையில்லை. ஆனால் சுவர் சுவரோடு சேரும் இடத்தில் வலை முரடாக இருந்தது, கூறுகள் கோணலாக இருந்தன. அந்த முரட்டு வலையின் கூறுகளில் கிடைத்த மதிப்புகளை ஓரத்துக்கு நீட்டிய விதமும் எண்ணைக் குறைத்தே காட்டியது. வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்தது. அதை நம்பிச் சுவரின் தடிமன் முடிவானது. அந்த மூட்டில் வைத்த எஃகுக் கம்பிகளும் போதிய நீளத்துக்குப் போகவில்லை.

உள்மதிப்பை ஓரத்துக்கு நீட்டுவது என்று முன்பு பார்த்தோமே, அதே படிதான். கணக்கு முடிந்து விடையைப் படிக்கும் கட்டத்தில் நடப்பது. பலரும் அதை அலங்கார வேலை என்று நினைக்கிறார்கள்.

இந்தப் பிழையைப் பிடிக்க ஒரு தாளில் போடும் கணக்கே போதும். 65 மீட்டர் ஆழத்தில் நீர் ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ 65 டன் விசையோடு தள்ளும். சந்தின் சுவர் ஏறத்தாழ 4.4 மீட்டர் அகலம். இரு முனைகளும் விசையைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு மீட்டர் உயரமுள்ள சுவர்ப் பட்டைக்கு, 65-ஐ 2.2-ஆல் பெருக்கினால் முனைக்கு 143 டன். மூட்டின் உட்புற நெளிவுசுளிவு எப்படியிருந்தாலும், தள்ளிய விசை முழுவதும் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும் அல்லவா? முனையில் திரை காட்டும் வெட்டுவிசையை இந்த எண்ணோடு வைத்துப் பார்த்திருந்தால் பாதி விசை காணாமல் போயிருப்பது தெரிந்திருக்கும். விபத்துக்குப் பிறகு நுணுக்கமான வலையில் மீண்டும் கணக்கிட்டபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறை மிகத் துல்லியமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முதலில் பார்த்த படம்தான் அந்தத் துல்லியத்தைத் தாங்கி வரவில்லை.

எரிவாயுவை 1993-இல் தருவதாக ஒப்பந்தம் ஆகியிருந்தது. புது அடித்தளத்தை வடிவமைக்கத் தொடங்கியபோது, பழைய கணினி முடிவுகளை நம்பலாமா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. புதிய கணினிக் கணக்குகள் தயாராகும் வரை காத்திருக்கவும் நேரமில்லை. ஆகவே கணினிக்கு முந்தைய காலத்து முறைகளில், தாளில் எழுதும் கணக்கிலேயே வேலையைத் தொடங்கினார்கள். பிறகு வந்த நுணுக்கமான வலைகளின் விடைகளை அந்தக் கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். 1993-இல் மேல்தளம் புது அடித்தளத்தின் மேல் ஏறியது.